ஏளனத்திற்கு விலை பேசிய தாய்

தமிழைத் திருத்தித் தரும்படி என்னிடம் வருவோர்க்கு நான் இல்லையென்று சொன்னதில்லை. திருமண அழைப்பிதழ், நினைவு மலர், கோவில் அறிவித்தல், எதுவாயினும் ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் பார்த்துக் கொடுத்துவிடுவேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவனுக்கு மெல்பேர்ண் நகரின் மேற்கு விளிம்பில், டார்னெய்ட் போன்ற புதுக் குடியிருப்பொன்றில், வேறென்ன பணி இருக்கிறது? ஆதலால் எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தின் செயலாளர் ஆண்டு விழாவுக்கான நகைச்சுவை நாடகம் ஒன்றை அனுப்பி, "சார், ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுத்துடுங்க" என்று கேட்டபோது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தேன். முதற்பக்கம் முடியுமுன் எழுந்துவிட்டேன்.

நாடகத்தின் பெயர் 'சந்தையில் ஆப்பிரிக்க மம்மி'. கதை என்று ஒன்றும் இல்லை. ஓர் ஆப்பிரிக்கத் தாய் மீன்கடைக்கு வருகிறாள். கூச்சலிட்டு விலை குறைக்கக் கேட்கிறாள். கடைக்காரனின் சட்டையைப் பிடிக்கிறாள். இறுதியில் காவலாளி வந்து அவளை வெளியே தள்ளுகிறான். அடைப்புக்குறிக்குள் மேடைக் குறிப்புகள் இருந்தன: முகத்திலும் கையிலும் கருமை பூச வேண்டும், இடுப்புக்குப் பின்னால் தலையணை கட்ட வேண்டும், தலையில் வண்ணத் துணி சுற்ற வேண்டும். அத்தாய் பேசும் ஒவ்வொரு வரியும் 'கஸ்டமர், கஸ்டமர்' என்று தொடங்கிற்று. கடைக்காரனையே அவள் அப்படி அழைக்கிறாள். 'இங்கே சிரிப்பு' என்றும் எழுதப்பட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினம் வந்தது. அந்தத் தாய் யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது.

என் பக்கத்து வீட்டில் வாழ்பவர் நைஜீரியாவிலிருந்து வந்த அம்மையார். மருத்துவமனையில் தாதி, நான்கு பிள்ளைகளின் தாய். கண் மங்கி நான் மகிழுந்து ஓட்டுவதை நிறுத்திய பிறகு, சனிக்கிழமைகளில் ஃபுட்ஸ்கிரேச் சந்தைக்கு என்னையும் ஏற்றிச் செல்பவர் அவரே. வயதில் மூத்த ஆண்களைத் தந்தை முறை வைத்து அழைப்பது அவருடைய ஊர் வழக்கம். என்னை 'டாடி' என்பார். பெற்ற பிள்ளைகள் 'அப்பா' என்று அழைத்ததையன்றி வேறொன்றை ஏற்றறியாத என் காது, இதற்கு மட்டும் எப்படியோ இணங்கிவிட்டது. அவர் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் என் நினைவில் அவருடைய குரல் யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் ஒலிக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

விலை பேசுவதை ஒரு கலையென்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவரிடம் அது ஒரு விருந்து. மீன்கடைக்காரர் வியட்நாமியர், நடுத்தர வயதினர், எளிதில் சிரிக்காதவர். அம்மையார் பனிக்கட்டியின்மேல் கிடக்கும் மீனைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார்.

"வாடிக்கை, இந்த மீன் ஏன் என்னை முறைக்குது? உன்ர விலையைக் கேட்டுத்தான் செத்ததோ?"

"இண்டைக்குக் காலமை வந்த மீன், அம்மா."

"காலமை வந்தது சரி. எந்த வருசத்துக் காலமை?"

"அம்மா, என்ர பிள்ளையள் படிக்க வேணுமெல்லோ?"

"படிக்கட்டும். ஆனா என்ர காசில டொக்டராக வேண்டாம். நேர்ஸாகட்டும், காணும். நானும் நேர்ஸ்தானே, ஒரு குறையுமில்லை."

அதற்குமேல் அந்த மனிதரால் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க இயலாது. அம்மையார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்லப் புறப்படுவார். அந்த நடையைப் பார்க்க வேண்டும்: தேர் நகர்வது போல், இழுத்தால் நிற்பேன் என்று சொல்லும் நடை. பின்னாலிருந்து அழைப்பு வரும், விலை இறங்கும், பையில் கேளாமலே இன்னொரு மீனும் விழும். பிறகு இருவரும் பிள்ளைகளின் நலம் விசாரித்துக்கொள்வர். ஒருவரையொருவர் 'வாடிக்கை' என்றே விளிப்பர்.

ஆங்கிலத்தில் அவர் சொல்வது 'கஸ்டமர்' என்பதுதான். முதல் நாள் அதைக் கேட்டபோது நானும் வியந்தேன். விற்பவரை எப்படி வாங்குபவர் என்று அழைப்பது? வழியில் கேட்டேன். "எங்கட ஊரில வாங்கிறவரும் கஸ்டமர், விக்கிறவரும் கஸ்டமர். ரெண்டு பேரும் ஒராளை ஒராள் நம்பித்தானே வாறம்?" என்றார். அன்றிரவு உறங்கப் போகுமுன் எனக்கு ஒன்று தெளிந்தது. தமிழிலும் அவ்வாறே அன்றோ? வாடிக்கைப் பால்காரர் என்கிறோம். வாடிக்கையான கடை என்கிறோம். வாங்குபவரை வாடிக்கையாளர் என்கிறோம். அச்சொல் அண்டை மொழியிலிருந்து வந்ததென்பார் உளர், வந்திருக்கட்டும். வாங்குபவர்க்கும் விற்பவர்க்கும் பொதுவாக நிற்கும் உறவொன்றை அது சுட்டுகிறது. அந்த நாள் தொட்டு அவருடைய 'கஸ்டமர்' என் காதில் 'வாடிக்கை' என்றே விழுந்து வருகிறது. நாடகம் எழுதியவருக்கோ, தம் தாய்மொழியிலேயே இருக்கும் ஒரு வழக்கு, கருநிறத்தாய் ஒருத்தியின் வாயிலிருந்து வந்தவுடன் அறியாமையாகிவிட்டது.

செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். சென்னையிலிருந்து வந்து கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர், சுறுசுறுப்பானவர், நாடகத்தை எழுதியவரும் அதில் அந்தத் தாயாக நடிக்கவிருப்பவரும் அவரே.

"தம்பி, இதில பெரிய பிழை இருக்கு."

"ஒற்றுப் பிழையா சார்?"

"ஒற்றுப் பிழையில்லை. புத்திப் பிழை."

மறுமுனையில் சிரித்தார். பின்னர், "சார், இது ஜஸ்ட் ஃபன் சார். கடைக்காரனையே கஸ்டமர்னு கூப்பிடுது பாருங்க, அதான் ஜோக்கே. நானே மார்க்கெட்ல கேட்டிருக்கேன்" என்றார்.

அச்சொல்லின் பொருளை விளக்கினேன். 'இன்ட்ரஸ்டிங் சார்' என்றார். முகத்தில் கருமை பூசுவது இழிவென்றேன். 'மேக்கப் சார்' என்றார்.

"அவங்க ஆளுங்க யாரும் ஹால்ல இருக்க மாட்டாங்க சார். இருந்தாலும் தமிழ் புரியாது."

"இருப்பினம். என்ர பக்கத்து வீட்டு அம்மாவின்ர கடைக்குட்டி உங்கட குழு நடனத்தில ஆடுறாள். தாய் முன்வரிசையில இருப்பா. முகத்தில பூசுற கரிக்கு மொழிபெயர்ப்பு வேணுமோ, தம்பி?"

"ஓ, அந்தப் பொண்ணா? டான்ஸ் முடிஞ்சதும் நாடகம் சார். அவங்க வேணும்னா அதுக்கு முன்னாடியே கிளம்பிடலாமே."

இதைக் கேட்ட பின்னும் சினம் கொள்ளாதவன் மனிதனாக இருக்க இயலாது. அந்தச் சிறுமி எங்கள் தெருவிலுள்ள பரத ஆசிரியையிடம் பயில்பவள். ஆறு பேர் ஆடும் நடனத்தில் நடுவில் நிற்பவள். அதுவே அவளுடைய முதல் மேடை. வேலியோரத்தில் நின்று அவள் தட்டடவு பழகுவதை மாதக்கணக்காகக் கேட்டு வந்திருக்கிறேன். அவள் நெற்றிச்சுட்டியோடும் சலங்கையோடும் திரையோரத்தில் நிற்கையில், தன் தாயுடையதைப் போன்ற தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கரி பூசிய ஆடவன் ஒருவன் மேடையேறுவதும், அவனைக் காவலாளி பிடித்துத் தள்ளுவதும், மண்டபம் சிரிப்பதும் அவள் கண்ணில் படும். அது அவளுக்கு என்ன செய்யும் என்பதை விளக்க எனக்குக் கற்பனை தேவையில்லை. ஆசிரியனாகுமுன், இளமையில் நான் கொழும்பில் அரச பணியில் இருந்தேன். அலுவலக விழா ஒன்றில், தமிழ்க் கடைக்காரன் வேடமிட்ட ஒருவர் சிங்களத்தைக் குதறிப் பேச, மண்டபமே உருண்டு சிரித்தது. நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். அருகிலிருந்தவர் என் தொடையில் தட்டி, 'கோவிக்காதேயும், பகிடிதானே' என்றார். அந்தத் தட்டு இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது.

அப்படிச் சிரிக்கப்பட்டவர்களின் மக்கள், கடல் கடந்து வந்து, தமக்குக் கீழே ஒருவரைத் தேடிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். அதுவும் எதற்காக? விலை பேசியதற்காக! வீடு வாங்கும்போது முகவரிடம், மகிழுந்து வாங்கும்போது விற்பனையாளரிடம், தாலிக்கொடி செய்யும்போது பொற்கொல்லரிடம் நாம் பேசாத விலையா? நாம் தாழ்ந்த குரலில் பேசுகிறோம். அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். அந்தச் சிரிப்புத்தான் அவரிடமிருந்து களவாடப்பட்டு, அவருக்கு எதிராகவே திருப்பப்பட்டிருந்தது.

நாடகத்தைத் திருத்த மறுத்தேன். மன்றத்திலிருந்து விலகுவதாகவும் சொன்னேன். "ஓகே சார், வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாத்துக்கிறோம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். என் அறச்சீற்றத்தின் விளைவு அவ்வளவே.

அம்மையாரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கிப் பின் நாடகம் முழுவதையும் சொன்னேன். மகளை நடனத்திலிருந்து விலக்கிவிடுங்கள், நானும் வரமாட்டேன், இருவரும் புறக்கணிப்போம் என்றேன். அவர் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒத்திகை எப்ப, டாடி?"

"வியாழக்கிழமை. ஏன்?"

"சாமானைப் பாக்காம வேண்டாம் எண்டு சொல்லுறது சரியில்லை."

ஒத்திகை ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. நடனம் முடிந்ததும் மற்றத் தாய்மார் பிள்ளைகளை அழைத்துப் போக எழுந்தனர். அம்மையார் எழவில்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார், அருகில் நான். செயலாளர் தலையில் துவாய் சுற்றி, முதுகுக்குக் கீழே தலையணை கட்டி மேடைக்கு வந்தார். எங்களைக் கண்டதும் முதல் வரியே தடுமாறிற்று. ஒரு பக்கம் நடித்திருப்பார், அதற்குமேல் ஓடவில்லை.

"மேடம்... இது சும்மா காமெடி" என்றார்.

"விளங்குது. எத்தினை நிமிசம்?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டோ!" அம்மையார் நெஞ்சில் கைவைத்தார். "தம்பி, சாமானைப் பாத்தன். பழுதான சாமான். ரெண்டு நிமிசம் தாறன்."

செயலாளர் விழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "பத்துக்குக் குறைக்க முடியாது மேடம். ஸ்டோரி இருக்கு" என்றார்.

"கதை இருக்கோ? எங்க வச்சிருக்கிறாய்? வெளியில எடு, பாப்பம்."

எழுந்த தாய்மார் மீண்டும் அமர்ந்தனர். யாரோ சிரித்தார்கள்.

"சரி, முகத்தில பூசுற கறுப்பு. அது என்ன விலை?"

"அது மேக்கப்தான்..."

"எனக்கு வேண்டாம். சும்மா தந்தாலும் வேண்டாம்." அம்மையார் தம் முன்கையை நீட்டித் திருப்பிக் காட்டினார். "என்னட்டை ஏற்கெனவே இருக்கு. அசல். மழையில போகாது."

"ஓகே, அதை எடுத்துடலாம்."

"தலையணை? நித்திரை கொள்ளப் போறியோ?"

"அதுவும் எடுத்துடுறோம் மேடம்."

"காவல்காரன் ஏன் என்னைத் தள்ளுறான்? நான் காசு குடுக்காம ஓடினனானோ? காசோட வாற ஆளைத் தள்ளுற சந்தை எந்த ஊரில இருக்கு?"

"அதான் சார் க்ளைமாக்ஸ்" என்று செயலாளர் என்னைப் பார்த்தார், நான் ஏதோ நடுவர் என்பதுபோல். "அதை எடுத்தா நாடகமே இல்ல. அது மட்டும் இருக்கட்டும் மேடம்."

"அப்பிடியோ. அப்ப வேண்டாம், வாடிக்கை. போயிட்டு வாறம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். சந்தையில் நான் அறிந்த அதே நடை. தேர் நகரும் நடை. நடன ஆசிரியையின் முகம் வெளிறிற்று. அன்று விழாவுக்கு இரண்டே நாள் இருந்தது. நடுவில் நிற்பவள் போய்விட்டால் நடனம் குலையும். எல்லோரும் அதைக் கணக்கிட்டார்கள். நான் வேறொன்றைக் கண்டேன். கால்கள் மெதுவாகச் சென்றன. மகளின் கையை, தெருவைக் கடக்கும்போது பிடிப்பதுபோல் இறுகப் பற்றியிருந்தார். பின்னாலிருந்து யாரும் அழைக்காவிட்டால் அவர் உண்மையாகவே போக வேண்டியிருக்கும். அந்தக் குழந்தையின் முதல் மேடை அவ்வாசற்படியில் முடிந்திருக்கும். மீனென்றால் இன்னொரு கடையில் வாங்கலாம்.

"மேடம்! மேடம், ஒரு நிமிஷம்!"

அவர் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு மட்டுமே இருந்தது.

"காவலாளி வேணாம். சரி. ஆனா ஆப்பிரிக்க மம்மியே இல்லன்னா அப்புறம் யாரு மேடம் விலை பேசுறது?"

"ஏன், உன்ர அம்மா விலை பேச மாட்டாவோ?"

செயலாளர் தலைத்துவாயைச் சற்றுத் தளர்த்தினார். பிறகு தம்மை அறியாமலே சிரித்தார். "எங்கம்மாவா? கோயம்பேட்டுல எங்கம்மா வர்றதைப் பாத்தாலே தக்காளிக்காரர் எழுந்து டீ குடிக்கப் போயிடுவாரு மேடம்." துவாயைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் முந்தானைபோல் போட்டார். "'ஏம்ப்பா, இது தக்காளியா? வயசானவங்க கன்னம் மாதிரி இருக்கு? எம்புள்ள ஆஸ்திரேலியாவுல இருக்கான்னு விலை சொல்றியா? அவன் பணம் அனுப்புறானான்னு முதல்ல கேளு!'"

மண்டபம் அதிர்ந்தது. அது பொய்ச்சிரிப்பு அன்று. நாடகம் அந்த நொடியில்தான் பிறந்தது. நான்கு நிமிடத்திற்கு விலை முடிந்தது.

வீடு திரும்பும் வழியில் பின்னிருக்கையிலிருந்து சிறுமி கேட்டாள், அந்த அங்கிள் ஏன் அம்மாவைப்போல் தலையில் துணி சுற்றியிருந்தார் என்று. "குளிராம்" என்றார் தாய். அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்ட பின்னரே நான் வாய் திறந்தேன்.

"நீங்கள் விலை பேசியிருக்கக் கூடாது. அவர்கள் செய்தது பிழை. பிழைக்கு விலைக்கழிவு கிடையாது. ஒருவராவது மன்னிப்புக் கேட்டாரோ?"

"கேக்கேல்லை."

"பிறகேன் சிரிச்சியள்?"

"டாடி, நீங்கள் கோவிச்சுக்கொண்டு வெளியில போனியள். அவன் முழுச் சாமானையும் முழு விலைக்கு வித்திருப்பான். நான் நிண்டன், நாலுக்குக் கொண்டு வந்தன்."

"விற்கக் கூடாத பொருளுக்கு விலை கேட்பதே அதற்குக் கொடுக்கும் மதிப்பு."

"ஓம், நீங்கள் சொல்லுறது சரி." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா மகள் சனிக்கிழமை ஆட வேணும். உங்கட நீதி எப்ப டெலிவரி ஆகும், டாடி?"

விளக்குப் பச்சையாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. 

சனிக்கிழமை விழாவுக்குப் போனேன். விலகியதாகச் சொன்ன சொல்லை அந்தச் சிறுமிக்காக விழுங்கினேன். அவள் நடுவில் நின்று ஆடினாள். ஓரிடத்தில் மற்ற ஐவரும் இடப்பக்கம் திரும்ப, அவள் வலப்பக்கம் திரும்பி, உடனே சிரித்துச் சரிசெய்துகொண்டாள். அடுத்து நாடகம். செயலாளர் சேலையில் வந்து தம் தாயைப்போல் தக்காளிக்கு விலை பேசினார். முன்வரிசையில் அம்மையார் கண்ணீர் வரச் சிரித்தார்; தமிழ் ஒரு சொல்லும் அறியாமலே எங்கு சிரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திரையோரத்தில் சிறுமி தன் சலங்கை ஒலிக்காதபடி இரு கணுக்கால்களையும் கையால் பற்றிக் குந்தியிருந்து சிரித்தாள். அவள் முகத்தை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நிழலும் விழவில்லை.

முன்கூடத்தில் செயலாளர் வியர்வையோடு என்னிடம் வந்தார்.

"பாத்தீங்களா சார்? எல்லாரும் ஹாப்பி. அவங்களும் ரொம்ப ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கிட்டாங்க."

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

"தம்பி, உங்கட நாடகம் நல்லாயிருந்தது. அதை மறைக்க மாட்டன். ஆனா ஒண்டு கேளும். ஒரு மனிசி தன்ர பிள்ளையின்ர முகத்தைக் காப்பாத்த, எல்லாருக்கும் முன்னால உங்களோட பேரம் பேச வேண்டி வந்தது. அவ சிரிச்சது விளையாட்டுக்கு எண்டு நினைக்கிறீரோ? நீர் கூப்பிடாம விட்டிருந்தா அவ பிள்ளையோட வாசலால போயிருப்பா. அவவின்ர கையைப் பாத்தனீரோ?"

அவர் என் முகத்தையும், கூடத்தின் மறுகோடியில் நின்ற அம்மையாரையும் மாறிமாறிப் பார்த்தார். "இல்ல சார்" என்றார் மெல்ல. பின்னர் ஏதோ சொல்ல வந்தவரை, ஒலிபெருக்கியைத் தேடி யாரோ இழுத்துச் சென்றுவிட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தார் என்று, பிறகு தொலைபேசியில் இதைக் கேட்ட என் மகன் என்னை நம்பச் சொன்னான். நான் கேளாத சொல்லை நம்புவதற்கில்லை.

மறுகோடியில் மன்றத்தின் சிற்றுண்டிக் கடை. அம்மையார், வடையில் துளை இருப்பதால் துளைக்குரிய விலையைக் கழிக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். விற்ற பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் இன்னொரு வடையையும் தட்டில் வைத்தாள். அதைக் கொணர்ந்து என் கையில் திணித்து, "சாப்பிடுங்கோ டாடி, இன்னும் கோவமோ?" என்றார்.

"ஓம்" என்றேன். சாப்பிட்டேன். வடை நன்றாகவே இருந்தது. சினம் மட்டும் ஆறவில்லை. அது ஆற வேண்டும் என்று நான் இன்றும் கருதவில்லை.